பெரிய வீட்டு ரிவால்வர்

மகுடேஸ்வரன் பொறாமைக்காரர். அவரே இதை மறுத்ததில்லை. பக்கத்து யூனிட்டுக்குப் புது பாய்லர் வந்து இறங்கினால் அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்காது. மச்சினன் மகன் கார் வாங்கியபோது அதன் கதவை மூன்று முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "சத்தம் செரியில்லீங் மாப்ளே" என்றார். வீட்டுக்கு வந்து, சத்தம் அருமையாக இருந்ததென்று மனைவியிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

போன ஐப்பசியில், காலை ஷிப்ட்டுக்குச் சாவிக்கொத்தோடு படியிறங்கும்போது உட்கார்ந்தவர் எழவில்லை. வயது அறுபத்து மூன்று.

திருப்பூருக்குப் பக்கத்தில், பெருமாநல்லூரில் இரண்டு காம்பாக்டிங் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்தார். நெய்து, சாயம் ஏறி வரும் பனியன் துணி கோணலாக இருக்கும். அதற்கு நீராவி காட்டி, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு, அகலத்தையும் எடையையும் சரிசெய்து, துவைத்தால் சுருங்காதபடி அமுக்கித் தர வேண்டும். முப்பத்தைந்து வருடம் இதைத்தான் செய்தார். துணியைக் கண்ணால் பார்க்க மாட்டார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். "நூத்தி எழுவத்தஞ்சு" என்பார், சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில். வட்டமாக வெட்டித் தராசில் வைத்தால் நூற்று எழுபத்து நான்கோ ஆறோ காட்டும். அதற்கு மேல் தப்பாது.

யார் வந்தாலும் அவரிடம் ஒரு பேச்சு இருந்தது. "நூலும் ஒண்ணு, நிட்டிங்கும் ஒண்ணு. வெலை பினிஷிங்ல இருக்குதுங்க." உறவுக்காரர்கள் கல்யாணப் பந்தியில்கூட இதைக் கேட்டிருக்கிறார்கள். அதிகம் கேட்டவர் சுப்பையன். மகுடேஸ்வரனின் பெரியப்பா மகன். ஏழு வயது மூத்தவர். மடத்துக்குளத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார்.

மற்றப் பொறாமைகள் வந்தன, போயின. சுப்பையன் வீட்டு ரிவால்வர் மேல் வைத்தது மட்டும் ஐம்பது வருடம் நின்றது.

அவர்களுடைய அப்பாரு, அப்பாவைப் பெற்ற தாத்தா, அதை ஆனைமலை எஸ்டேட்டில் இருந்து ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார மேனேஜரிடம் வாங்கினார். குழல் அளவு முப்பத்திரண்டு போர், இங்கிலாந்தில் செய்தது. அப்பாரு போன பிறகு லைசென்ஸ் ஒருவர் பேருக்குத்தான் மாறும் என்றார்கள். மூத்த மகனான சுப்பையன் அப்பாவின் வீட்டுக்குப் போயிற்று. இளையவரான மகுடேஸ்வரன் அப்பாவுக்கு ஈடாக ஓர் ஆயில் இன்ஜின் கொடுத்தார்கள். அது மகுடேஸ்வரனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது பழைய இரும்புக்குப் போனது.

ஆயுத பூசையன்று பெரிய வீட்டில் வாழையிலை விரித்து, அரிவாள், மண்வெட்டி, பம்புசெட் சாவி எல்லாவற்றுக்கும் நடுவில் ரிவால்வரை வைப்பார்கள். குண்டு போடும் உருளைக்கு மேலே, வலப்பக்கத்தில், குழைத்த சந்தனத்தில் ஒரு பொட்டு. அதன் மேல் குங்குமம். மகுடேஸ்வரன் வருடம் தவறாமல் போவார். கும்பிடுவார். எடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டதில்லை. சுப்பையனும் எடுத்துக் கொடுத்ததில்லை. கேட்டால் கொடுத்திருப்பார். அந்த மனிதருக்கு இதெல்லாம் மனதில் தங்காது.

யூனிட் நிலைத்த பிறகு மகுடேஸ்வரன் சொந்தமாக லைசென்ஸ் எடுத்தார். கூலிப் பணம் எடுத்துவரப் பாதுகாப்பு வேண்டும் என்று மனுவில் காரணம் எழுதினார். உள்நாட்டுத் தயாரிப்பில் ஒரு புது ரிவால்வர் வாங்கினார். அன்றைக்கே மடத்துக்குளத்துக்குக் கொண்டுபோனார். சுப்பையன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பளபளன்னு இருக்குதடா மகுடு."

"புதுசுங்ண்ணா."

"என்றது கறுத்துப் போச்சு. உன்றதுதான் அம்சமா இருக்குது."

சுப்பையன் மனதாரச் சொன்னார். மகுடேஸ்வரன் அதைப் பரிகாசம் என்று எடுத்துக்கொண்டார். பத்து வருடம் அதைச் சொல்லிக் குமைந்தார்.

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் உள்ளவர்கள் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கலாம். லைசென்ஸ் பெற்ற டீலரிடமும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். மகுடேஸ்வரன் எப்போதும் கோயம்புத்தூரில் பாண்டித்துரை கடையில்தான் வைப்பார். இரண்டாயிரத்து இருபத்து நான்கு பாராளுமன்றத் தேர்தலின்போது சுப்பையனும் கூட வந்தார். உள்ளூர் ஸ்டேஷன் அலமாரியில் போன தடவை ஈரம் ஏறிவிட்டது என்றார்.

பாண்டித்துரை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மேசை மேல் பச்சைக் கம்பளி விரித்து, இரண்டு ரிவால்வர்களிலும் குண்டு இல்லையென்று பார்த்துவிட்டு அருகருகே வைத்தார். பிறகு மகுடேஸ்வரன் ரிவால்வரை மறந்தே போனார். பெரிய வீட்டு ரிவால்வரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"அண்ணாச்சி, இது எத்தன வருசமா ஒங்க வீட்ல இருக்கு?" என்று சுப்பையனிடம் கேட்டார்.

"எங்க அப்பாரு காலத்துலிருந்துங்க. எண்ணெய் போட்டுத் தொடைப்பேன். அவ்வளவுதானுங்க."

சுப்பையனுக்குத் தோப்பில் இருந்து போன் வந்தது. சிக்னல் கிடைக்காமல் தெருவுக்குப் போனார். அந்தப் பத்து நிமிடத்தில்தான் மகுடேஸ்வரன் முதன்முறையாக அந்த ரிவால்வரைக் கையில் வாங்கினார்.

முகத்தைத் திருப்பிக்கொண்டார். விரல்களால் பார்த்தார்.

பக்கத்தகடு சட்டத்தோடு சேரும் கோடு நகத்துக்குத் தட்டவில்லை. திருகுகளின் தலை மட்டத்தில் இருந்தது. தட்டையான இடங்கள் உண்மையாகவே தட்டையாக இருந்தன. ஒரு தளம் முடிந்து அடுத்த தளம் தொடங்கும் விளிம்பு, மடித்து இஸ்திரி போட்ட வேட்டிக் கரை மாதிரி ஒரே கோடாக ஓடியது. உருளையைத் திருப்பினால் ஒவ்வோர் அறையும் வந்து ஆடாமல் நின்றது.

பிறகு தன்னுடையதை எடுத்தார். சுடுவதில் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் விசைக்குக் கீழே உள்ள வளையத்தின் உள்பக்கம் விரலை அறுத்தது. மெஷின் வெட்டிய வரிகள் பாலிஷுக்கு அடியில் மேடும் பள்ளமுமாகத் தட்டின. உருளை நின்ற இடத்தில் லேசாக ஆடியது.

"வெலை என்னங்க?" என்றார்.

"ஒங்களது எம்பதாயிரத்துக்குப் போவும். அண்ணன்துக்கு ஆறு, ஆறரை லட்சம்."

"ரெண்டும் இரும்புதானுங்களே."

"இரும்புதான். வெளிநாட்டுச் சரக்கு வாரது நின்னு நாப்பது வருசமாச்சு. பாதி வெலை அதுக்கு. மீதிப் பாதி வேலப்பாட்டுக்கு. மேல இருக்கே இந்தக் கருநீலம், இது பெயின்ட் இல்ல அண்ணாச்சி. இரும்பக் கையால தேச்சுத் தேச்சு, கண்ணாடி மாதிரி ஆன பொறவு சூட்டுல வைச்சு ஏத்துன நிறம். அன்னைக்கு ஏத்துனது அப்படியே நிக்குது. அதுக்குத்தான் காசு."

வலப்பக்கத்தில் ஐம்பது பைசா அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம் இருந்தது. மகுடேஸ்வரன் அதைத் தொட்டுக் காட்டினார்.

"சந்தனம்" என்றார் பாண்டித்துரை. "ஈரத்தோட வைச்சிருக்காங்க. துருவாகித் தங்கிட்டு. அதனால அம்பதாயிரம் கொறையும். அம்புட்டுத்தான். அதப் போக்குதேன்னு எவனாவது பாலிஷ் போட்டான்னா மொத்தமும் போச்சு."

திரும்பும் வழியில் சுப்பையன் காரில் தூங்கினார். ஆயுள் முழுவதும் பினிஷிங்கைப் பற்றிப் பேசிய மனிதர். ஊரில் அதன் அருமை தெரிந்தவர் தான் ஒருவரே என்ற நினைப்பு உண்டு. அந்த வேலையின் உச்சம், அருமை தெரியாத ஒருவர் வீட்டுப் பீரோவில், பழைய பனியன் துணியில் சுற்றிக் கிடக்கிறது. முன்பெல்லாம் அப்பாருவின் பொருள் என்று பொறாமைப்பட்டார். இப்போது என்ன பொருள் என்று தெரிந்து பொறாமைப்பட்டார். இரண்டாவது அதிகம் வலித்தது.

தேர்தல் முடிந்து இருவரும் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிவந்த பிறகு, ஆடி மாதம் பாண்டித்துரை மகுடேஸ்வரனை அழைத்தார். "அண்ணன் போன எடுக்க மாட்டேங்கார். ஒரு பார்ட்டி வந்திருக்கு, ஆறரை தாரேங்கார். குடுப்பாரான்னு கேட்டுச் சொல்லுங்க. ஒண்ணு மட்டும் மறக்காமச் சொல்லிருங்க. இப்ப இருக்கிற மேனிக்கே இருக்கணும். எதையும் தேய்க்க வேண்டாம்."

மகுடேஸ்வரன் அன்றைக்கே சுப்பையனுக்குப் போன் அடித்தார். அவர் எடுத்தார். மகுடேஸ்வரன் விலையைச் சொன்னார்.

"ஆறரையா? வெளையாடாத மகுடு."

"நெசமாத்தானுங்ண்ணா."

"என்ற பையன் ரித்தீஷு கனடாவுல இருந்துட்டு எனக்கு அதெல்லாம் வேண்டாமுங்கறான். எனக்கப்பறம் யாரு ஸ்டேஷனுக்கும் தாலுக்காவுக்கும் நடக்கறது? குடுத்தரலாம். தோப்புக்குச் சொட்டுநீர் போட்டாப்பல ஆச்சு." கொஞ்சம் யோசித்தார். "அந்தப் பொட்டு வைச்ச எடம் அசிங்கமா இருக்குதே. திண்டுக்கல்லுல தீனதயாளன்னு ஒருத்தர் லைசென்ஸ் வைச்சு ரிப்பேர் பண்றாரு. பாலிஷ் போட்டுக் கறுப்பு ஏத்திக் குடுத்தா இன்னும் சித்த ஏறுமல்ல? நீதான சொல்லுவ, வெலை பினிஷிங்ல இருக்குதுன்னு."

இங்கே மகுடேஸ்வரன் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

"உங்க இஷ்டமுங்ண்ணா" என்றார்.

பொய் சொல்லவில்லை என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். அடுத்த நான்கு நாள் அதையே சொல்லிக்கொண்டார். மெஷின் ஓரத்தில் நின்று துணியைத் தேய்த்தவர் எடையைத் தப்பாகச் சொன்னார். நூற்று அறுபது என்றார். தராசு நூற்று எண்பத்தைந்து காட்டியது. ஆபரேட்டர் தராசுதான் கெட்டுவிட்டதென்று இரண்டாம் முறை நிறுத்தான்.

ஐந்தாம் நாள் மாலை சுப்பையனே கூப்பிட்டார். துப்பாக்கியைத் திண்டுக்கல்லில் கொடுத்தாயிற்று. நாளைக்கு வேலையைத் தொடங்குகிறார்கள். "மொதல்ல பொட்டு இருக்கற பக்கம் ஆரம்பிங்கன்னு சொல்லிட்டு வந்தேன். மிசின்ல குடுத்தா ஒரு மணி நேரம்தானாம்."

மிசின் என்ற சொல்தான் அவரை ஆட்டியது. பஃபிங் சக்கரம் எப்படி வேலை செய்யும் என்று அவருக்குத் தெரியும். துணிச் சக்கரத்துக்குத் தட்டையும் தெரியாது, விளிம்பும் தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றுபோல் உருட்டிவிடும். திருகுத் துளைகளின் வாயைக் கிண்ணம் மாதிரிக் குழித்துவிடும். எழுத்துகள் மழுங்கும். அந்த விளிம்புக் கோடு அவர் விரலில் இன்னும் இருந்தது.

சுப்பையனுக்கு நஷ்டம் வரும் என்று அவர் பதறவில்லை. அந்த வேலை அழியும் என்றுதான் பதறினார். இதைப் பிற்பாடு அவரே சொன்னார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மகள் தேஜஸ்ரீயை வண்டி எடுக்கச் சொன்னார். அவள் மெட்டலர்ஜி படித்து, கோவையில் ஒரு பவுண்டரியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். தாராபுரம் தாண்டியதும் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார்.

"போன் பண்ணி நிறுத்தச் சொல்லலாமுங்களேப்பா."

"எதுக்குன்னு கேப்பாரு."

"சொல்லுங்க."

"நேர்ல போயி, அவருக்குத் தெரியாம நிறுத்திப்போடலாம்னு பாக்கறேன் கண்ணு."

அவள் வண்டியின் வேகத்தைக் கூட்டினாள். "அந்த நீலப்படலம் ஒரு மைக்ரான், ரெண்டு மைக்ரான் இருக்கும். சக்கரத்துல வைச்சா ரெண்டு நிமிஷம் தாங்காது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா அஞ்சு நாள் இருந்தீங்க?"



தீனதயாளன் ஐம்பது வயதுக்காரர். வேலையில் சுத்தம். அவர்கள் போனபோது மோட்டாரை அணைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். ரிவால்வர் பாகம் பாகமாகத் தட்டில் இருந்தது. சட்டத்தின் வலப்பக்கம் முடிந்திருந்தது. பொட்டுத் தழும்பு இல்லை. நீலமும் இல்லை. எவர்சில்வர் டம்ளர் மாதிரி வெள்ளையாக மின்னியது. இடப்பக்கம் அப்படியே இருந்தது.

மகுடேஸ்வரன் அதை எடுத்தார். முகத்தைத் திருப்பாமல், பார்த்துக்கொண்டே தேய்த்தார். விளிம்பு போயிருந்தது.

"மீதிய விட்டுருங்க" என்றார்.

"நீங்க யாரு சார்?"

"பங்காளிங்க."

"லைசென்ஸ் அவர் பேர்ல இருக்கு. கொடுத்தது அவரு. அவர் சொன்னாத்தான் நிறுத்துவேன்." நியாயமான பேச்சு. பதிவேட்டைத் திறந்து சுப்பையன் கையெழுத்தைக் காட்டினார். "வேணும்னா இங்கயே போன் போடுங்க. டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் சும்மா இருக்கேன்."

அவர் டம்ளரில் பாதி டீ இருந்தது. மகுடேஸ்வரன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யாருடைய அழைப்பையும் லேசில் எடுக்காத சுப்பையன் இரண்டாவது மணியில் எடுத்தார்.

"அண்ணா, பாலிஷ் வேண்டாமுங். நிறுத்தச் சொல்லுங்."

"ஏண்டா?"

"தேச்சா வெலை போயிருமுங்."

"யாரு சொன்னா?"

"பாண்டித்துரை சொன்னாருங்."

"எப்ப?"

தேஜஸ்ரீ கடைக்கு வெளியே போய் நின்றாள்.

"அன்னைக்கேங்ண்ணா. வெலை சொன்னப்பவே சொன்னாருங். நான் உங்ககிட்டச் சொல்லலீங்."

தோப்பில் மோட்டார் ஓடும் சத்தம் போனில் கேட்டது. பிறகு சுப்பையன், "கடைக்காரர்கிட்டக் குடு" என்றார். தீனதயாளன் கேட்டுவிட்டுச் சரி என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பாகங்களைச் சேர்த்துப் பூட்ட ஆரம்பித்தார்.

அங்கிருந்து நேராக மடத்துக்குளம் போனார்கள். மகுடேஸ்வரன் வழியெல்லாம் கணக்குப் போட்டிருந்தார். சுப்பையன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து தேங்காய்க்காரனுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். அவன் போகும்வரை காத்திருந்தார்கள்.

"நான் எடுத்துக்கறனுங்ண்ணா" என்றார் மகுடேஸ்வரன். "அதே ஆறரை லட்சம். என்ற லைசென்ஸ்ல இன்னொண்ணு ஏத்தலாம். கலெக்டர் ஆபீஸ் வேலையெல்லாம் நானே பாத்துக்கறேன். உங்களுக்கு ஒத்தைக் காசு நஷ்டமில்லீங்."

"இப்ப அது என்ன போகும்?"

"ரெண்டரை. ரெண்டேமுக்கால்."

சுப்பையன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன். பண்ணுன தப்புக்குக் காசு குடுக்கறயா, துப்பாக்கிக்குக் குடுக்கறயா?"

தப்புக்கு என்று சொல்லியிருந்தால் எல்லாருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். தேஜஸ்ரீ அவர் அதைச் சொல்வார் என்றே நினைத்தாள். அவருடைய வலது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் தேய்ந்துகொண்டிருந்தது.

"துப்பாக்கிக்குங்ண்ணா" என்றார். "அதுல எடப்பக்கம் இன்னும் நல்லா இருக்குதுங்."

சுப்பையன் சிரித்துவிட்டார். கோபச் சிரிப்பு இல்லை.

"தப்புக்குன்னு சொல்லியிருந்தீன்னா, சரி தொலையுதுன்னு குடுத்திருப்பேன். இப்பக் குடுக்க மாட்டேன்."

"அண்ணா."

"ரெண்டரைக்கு எவனாச்சும் வருவான். அவனுக்குக் குடுத்துக்கறேன். உனக்கு இல்ல. நீ அதைக் கையில வைச்சுட்டு ஒவ்வொரு நாளும் எனக்குத் தெரியாததை நெனைச்சு என்னைப் பாத்துச் சிரிப்பே."

மகுடேஸ்வரன் மறுக்கவில்லை.

"ஏண்டா, என்றகிட்ட ஒருநாளாச்சும் எடுத்துப் பாக்கட்டுமான்னு கேட்டிருக்கறயா? நானே குடுத்திருப்பனே. எனக்கு அது எதுக்கு? அப்பாரு வைச்சிருந்தாரு, நான் வைச்சிருந்தேன்." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "செரி, கை கழுவு. தேஜு கண்ணு, உள்ள வா. பெரியம்மா இன்னைக்கு அரிசியும் பருப்புஞ் சோறு ஆக்கியிருக்கறா. நெய் உனக்குத் தனியா எடுத்து வைக்கச் சொல்றேன்."

சாப்பிட உட்கார்ந்தார்கள். சுப்பையன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். ஊறுகாயில் உப்புப் போதாது என்று மனைவியிடம் குறை சொன்னார். காற்றாலைக்காரர்கள் கேட்ட வழித்தடத்தைப் பற்றி மகுடேஸ்வரனிடமே யோசனை கேட்டார். மூன்றரை லட்சத்துக்கு மேல் போன மத்தியானம் அது. மகுடேஸ்வரனுக்கு ஒரு கவளம் இறங்கவில்லை. இலையைப் பார்ப்பதும் அண்ணனைப் பார்ப்பதுமாக இருந்தார்.

வண்டி உடுமலையைத் தாண்டியதும் மகுடேஸ்வரன் மகளிடம் கேட்டார்.

"ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு, பாத்தயா?"

"பாத்தனுங்ப்பா."

"எப்படிக் கண்ணு முடியுது அந்த மனுசனுக்கு?"

குரலில் என்ன இருந்ததென்று அவளுக்கு உடனே தெரிந்தது. துணியோ துப்பாக்கியோ என்றால் தொட்டுப் பார்த்து இதனால்தான் என்று அவர் சொல்லிவிடுவார். அண்ணன் மனதைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. கட்டைவிரல் மட்டும் திருப்பூர் வந்து சேரும்வரை ஓயாமல் தேய்ந்துகொண்டிருந்தது.